அப்டேட் போட்டதும் நின்றுபோன டிஸ்க் பிளேயர்: பழுது எங்கே இருக்கிறது?

(மூன்றாமாண்டு மாணவர், மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)



"டிஸ்க் பிளேயரா? அதெல்லாம் இன்னும் யார் வீட்டுல இருக்கு?" என்று நீங்கள் சிரிக்கலாம். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் வளைகுடா நாட்டுக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் எட்டிப் பாருங்கள். டிவிக்குக் கீழே ஒரு ஹோம் தியேட்டர் செட் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். அலமாரியில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று பேனாவால் எழுதிய டிஸ்க்குகள் அடுக்கி இருக்கும். செல்போன் வருவதற்கு முந்தின காலம் பல குடும்பங்களுக்கு அந்த டிஸ்க்குகளில்தான் இருக்கிறது. வேறு எங்கும் நகல் கிடையாது.

அந்த செட் ஒருநாள் வைஃபையில் தானாக அப்டேட் எடுக்கிறது. மறுநாள் ஆன் செய்தால் கம்பெனிப் பெயர் தெரிகிறது, அணைகிறது, மறுபடி தெரிகிறது. வீட்டுக்காரர் நம்மைக் கூப்பிடுகிறார். "டிப்ளமோ படிக்கியே, என்னன்னு பாரேன்!" எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் தெருவில் மின்விசிறி முதல் மிக்ஸி வரை எது நின்றாலும் என்னிடம்தான் வருகிறது. உங்களில் பலருக்கும் இதே நிலைமைதான் என்று தெரியும். ஆகவே இந்த ஒரு பழுதை எப்படி அணுகுவது என்று எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

சாமானும் எழுத்தும்

வாடகைக்கு விசிஆர் எடுத்துப் படம் பார்த்த காலத்தில் பழுது என்றால் சாமான் பழுதுதான். பெல்ட் தளரும், ஹெட்டில் அழுக்குப் பிடிக்கும், ஃபியூஸ் போகும். மெக்கானிக் ஸ்பிரிட்டால் ஹெட்டைத் துடைத்தால் படம் வந்துவிடும். அதற்குள்ளும் ஒரு சின்ன புரோகிராம் இருந்தது. ஆனால் அது தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டது. வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ, கடைசி வரை அப்படியே இருக்கும்.

1982-ல் சிடி வந்தது. 1996-ல் டிவிடி வந்தது. 2006-ல் புளூ-ரே வந்தது. புளூ-ரே பிளேயரைத் திறந்து பார்த்தால் அது ஒரு சின்ன கம்ப்யூட்டர் என்பது புரியும். பிராசஸர் இருக்கிறது, ராம் இருக்கிறது, ஃபிளாஷ் மெமரி சிப் இருக்கிறது. அந்த ஃபிளாஷில் எழுதி வைத்திருப்பதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். புதுப் படங்களின் டிஸ்க்குகளில் நகல் எடுக்காமலிருக்கப் போடும் பூட்டு முறை மாறிக்கொண்டே வருவதால், பிளேயரின் எழுத்தையும் அவ்வப்போது மாற்ற வேண்டி வருகிறது. அதுதான் அப்டேட்.

ஃபிளாஷில் ஒரு விசேஷம் உண்டு. பழையதன் மேல் புதியதை அப்படியே எழுத முடியாது. முதலில் ஒரு பகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். அழித்த பகுதியில் எல்லா பிட்டும் 1 ஆக நிற்கும். பிறகுதான் எழுத வேண்டும். அழித்து முடித்து, எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால் என்ன ஆகும்? பாதி சிலேட்டில் பாடம் இருக்கும், பாதி சிலேட் வெறுமையாக இருக்கும். அப்டேட் நடக்கும்போது "மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்" என்று திரையில் வருவது இதற்காகத்தான். சாரல் காலத்தில் காற்றடித்தால் லைன் போய்விடும் நம் ஊருக்கு இது ரொம்பப் பொருந்தும்.

ஆக, பழுது இரண்டு வகை. ஒன்று சாமானில் வரும் பழுது. இன்னொன்று எழுத்தில் வரும் பழுது. சால்டரிங் அயர்னால் எழுத்துப் பழுதைத் தொடக்கூட முடியாது. முதலில் எது என்று பிரித்து அறிவதுதான் நம் வேலை.

2020 ஜூனில் நடந்தது

எழுத்துப் பழுதுக்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2020 ஜூன் 18, 19 தேதிகளில் அமெரிக்கா, ஐரோப்பா என்று பல இடங்களில் சாம்சங் புளூ-ரே பிளேயர்களும் ஹோம் தியேட்டர்களும் ஒரே சமயத்தில் நின்றுபோயின. ஆன் ஆகும், அணையும், மறுபடி ஆன் ஆகும். சிலவற்றில் டிஸ்க் ஓடுவது போல் சத்தம் கேட்கும், ஆனால் உள்ளே டிஸ்க்கே இருக்காது. கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் இருந்த நேரம் அது. குற்றாலத்தில் அருவியில் குளிக்கத் தடை, சீசன் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன.

எல்லோரும் முதலில் சொன்ன காரணம், ஏதோ பாதுகாப்புச் சான்றிதழின் தேதி முடிந்துவிட்டது என்பது. கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் அது சரியல்ல என்பது அடுத்த மாதம் தெரிந்தது. ஃபர்ம்வேரும் அன்று மாறவில்லை. பிளேயர் எந்தத் தகவல்களைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு மட்டுமே இன்டர்நெட் வழியாக இறங்கியிருக்கிறது. அந்தக் கோப்பில் ஒரு பட்டியல் காலியாக இருந்தது. பட்டியலில் ஏதாவது இருக்கும் என்று நம்பி எழுதிய புரோகிராம் வெற்றிடத்தில் கை வைத்து விழுந்துவிட்டது.

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவள். கடையில் கட்டு கொடுக்கும்போது, வாங்குகிறவர் பிரித்துப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துப் போட்டுவிட்டுத்தான் கணக்கு எழுதுவார். சும்மா வாங்கிப் போட மாட்டார். அந்த பிளேயரின் புரோகிராம் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. மேலே தாள் சுற்றியிருக்கிறது, ஆகவே உள்ளே பீடி இருக்கும் என்று எண்ணிக்கொண்டது. வெளியிலிருந்து வருகிற எதையும் சோதித்த பிறகே ஏற்க வேண்டும் என்பது புரோகிராமிங் பாடத்தின் முதல் விதி. அது பீடிக் கடையில் தினமும் நடக்கிறது, கோடிக் கணக்கில் பொருள் விற்கும் கம்பெனியில் நடக்காமல் போய்விட்டது.

ஏன் வீட்டிலேயே சரிசெய்ய முடியவில்லை?

இதுதான் கட்டுரையின் முக்கியமான இடம். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

எந்த பிளேயரும் ஆன் ஆகும்போது ஒரு வரிசைப்படிதான் எழும்பும். முதலில் பவர் சப்ளை வோல்டேஜ் கொடுக்கும். அடுத்து பூட்லோடர் என்ற சின்ன புரோகிராம் ஓடும். அது பெரிய புரோகிராமை ஃபிளாஷிலிருந்து ராமுக்கு ஏற்றும். பெரிய புரோகிராம் தன் செட்டிங் கோப்புகளைப் படிக்கும். அதன் பிறகுதான் நெட்வொர்க், யுஎஸ்பி, டிஸ்க், மெனு எல்லாம் உயிர் பெறும்.

சாம்சங் பிளேயர்களில் அந்தக் கெட்ட கோப்பு ஃபிளாஷிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதைப் படித்தது, விழுந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நெட்வொர்க்கும் யுஎஸ்பியும் விழிக்கும் முன்பே விழுந்துவிட்டதால், நல்ல கோப்பை அனுப்பித் திருத்தக் கம்பெனியாலும் முடியவில்லை. ரீசெட் செய்யவும் வழி இல்லை. அமெரிக்காவில் செட்டுகளைப் பார்சலில் வாங்கி, இலவசமாகச் சரிசெய்து அனுப்பினார்கள். சரிசெய்கிற கதவு, விழுகிற இடத்துக்கு அப்பால் இருந்ததுதான் கோளாறு.

இதோடு 2024 ஜூலை 19-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பினால் உலகம் முழுவதும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கும் மாறியது முழுப் புரோகிராம் இல்லை, ஒரு தகவல் கோப்புதான். ஆனால் விண்டோஸில் 'சேஃப் மோட்' என்று ஒரு பின்வாசல் இருக்கிறது. அதில் நுழைந்து அந்தக் கோப்பை அழித்தால் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்ததே தவிர, செய்ய முடிந்தது.

இரண்டும் ஒரே மாதிரி நோய்தான். பின்வாசல் இருந்த இடத்தில் பிழைத்தது, இல்லாத இடத்தில் பிழைக்கவில்லை. ஆகவே அப்டேட்டில் நின்ற செட் கையில் வந்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: எந்தப் படியில் விழுகிறது? அந்தப் படிக்கு முன்னால் ஏதாவது கதவு இருக்கிறதா?

சோதிக்கும் வரிசை

1. முதலில் கேளுங்கள். அப்டேட் எப்போது நடந்தது, முடிந்ததாகத் திரையில் வந்ததா, நடுவில் கரண்ட் போனதா, அன்றைக்கு இடி மின்னல் இருந்ததா? அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்பதாலேயே அப்டேட்டால் நின்றது என்று ஆகாது.

2. பிளக்கைப் பிடுங்கி சில நிமிடம் விடுங்கள். நெட்வொர்க் வயர், எச்டிஎம்ஐ, பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். முன்பக்க டிஸ்பிளே ஒழுங்காக வேலை செய்து டிவியில் மட்டும் படம் வராவிட்டால், அப்டேட்டில் பட அளவு செட்டிங் மாறியிருக்கலாம். வேறு டிவியில் மாட்டிப் பாருங்கள்.

3. பவர் சப்ளையைப் பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட் ஏசி, டையோடு பிரிட்ஜைத் தாண்டியதும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். சார் அல்லது அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவுட்புட் பக்கம் 5 வோல்ட், 12 வோல்ட் லைன்களை மீட்டரில் பிடியுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், கெப்பாசிட்டர் தளர்ந்த செட்டும் ஆன் ஆகி அணைந்து ஆன் ஆகும். எழுத்துப் பழுதும் அதே மாதிரிதான் தெரியும். ஆன் செய்ததிலிருந்து அணைவது வரை வாட்ச்சில் நேரம் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வினாடியில் விழுந்து, 5 வோல்ட்டும் அசையாமல் நின்றால், பெரும்பாலும் எழுத்துப் பழுது. ஒருமுறை 5 வினாடி, ஒருமுறை 20 வினாடி என்று மாறி, மோட்டார் சுற்றும்போது வோல்டேஜ் இறங்கினால், பெரும்பாலும் பவர் சப்ளை.

4. மெனு வரைக்கும் வந்து டிஸ்க்கை மட்டும் படிக்கவில்லை என்றால் மூன்று டிஸ்க் போட்டுப் பாருங்கள். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405 என்று மூன்றுக்கும் தனித்தனி லேசர் ஒளி. சிடி ஓடி டிவிடி ஓடாவிட்டால் பெரும்பாலும் அது லேசர் அல்லது லென்ஸ் பிரச்சினை, அப்டேட்டைத் திட்டிப் பயனில்லை. குற்றாலச் சாரல் காலத்தில் வீட்டுக்குள் ஈரம் தங்கி, பல நாள் ஓட்டாத செட்டில் லென்ஸ் மங்கிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் அழுத்தாமல் துடைத்தாலே போதும் என்று ஆகிற செட்டுகள் உண்டு. ஆன் செய்த நிலையில் லென்ஸைக் கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது.

5. எழுத்துப் பழுது என்று முடிவானால், கம்பெனி வைத்த கதவைத் தேடுங்கள். முன்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்யும் முறை பல மாடல்களில் உண்டு. பென் டிரைவில் ஃபர்ம்வேர் கோப்பை வைத்து ஆன் செய்தால் பூட்லோடரே எடுத்துக்கொள்ளும் வசதி சில மாடல்களில் உண்டு. கோப்பு அதே மாடலுக்கு, அதே நாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். கடைசி ஒரு எழுத்து மாறினாலும் போடாதீர்கள். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, கோப்பின் பெயரை மாற்றாமல் வைக்க வேண்டும். செட்டை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஒரு செட்டின் கதை

எங்கள் தெருவில் ஒரு மாமா, சவூதியிலிருந்து வந்தபோது கொண்டுவந்த ஹோம் தியேட்டர் இப்படி நின்றது. போய்ப் பார்த்தபோது அவருக்கு செட்டைப் பற்றிக் கவலை இல்லை. "ஏல, செட்டு போனா போவுது. உள்ள மாட்டியிருக்க டிஸ்க்க மட்டும் எடுத்துக் குடுத்துரு. ஆச்சி நடந்து வாறது அதுல மட்டுந்தான் இருக்கு" என்றார். அவருடைய கல்யாண டிஸ்க். அவர் அம்மா தவறி ஏழு வருஷம் ஆகிறது.

அங்கே ஒன்று புரிந்தது. பிளேயரில் வந்த பழுது டிஸ்க்கைத் தொடாது. டிஸ்க்கில் இருப்பது குழிகளும் மேடுகளும் சாயத்தில் சுட்ட புள்ளிகளும்தான். எந்த அப்டேட்டும் அதை மாற்ற முடியாது. இதை முதலில் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல்மூடியைக் கழற்றி, டிரேயை ஓட்டும் பல்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றினால் டிரே வெளியே வந்துவிடும். பலம் காட்டி இழுக்கக் கூடாது. கடைத்தெரு மெக்கானிக் அண்ணன் ஒருவர் கூட இருக்க, அப்படித்தான் எடுத்தோம். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் போட்டு இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தோம். செல்போனில் ஆச்சி மண்டபத்துக்குள் நடந்து வந்ததை மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

செட்டை அதற்கப்புறம்தான் பார்த்தோம். 5 வோல்ட் அசையவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தது. "மாமா, இதுல சாமான் ஒண்ணும் போகல. எழுத்துதான் போயிருக்கு" என்றேன். "எழுத்தா? செட்டுக்குள்ள என்னடே எழுத்து?" என்று கேட்டார். மேலே எழுதியதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அந்த மாடலில் யுஎஸ்பி கதவு இருந்தது. அதே மாடலுக்கான கோப்பைப் போட்டு எழுப்பினோம். கதவு இல்லாத மாடலாக இருந்திருந்தால் கதை வேறு. புது போர்டு மாற்று என்பார்கள், அந்த விலைக்குச் செட்டையே குப்பையில் போட்டிருப்பார்.

இன்னும் உள்ளே போக வேண்டுமானால்

நம் பிரிவு மாணவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பல போர்டுகளில் மூன்று அல்லது நான்கு பின் உள்ள ஒரு சீரியல் இணைப்பு இருக்கும். கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ். யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டரை அங்கே இணைத்தால், பிளேயர் எழும்பும்போது ஒவ்வொரு படியிலும் என்ன செய்கிறது என்று வரிவரியாகக் கம்ப்யூட்டரில் எழுதிக் காட்டும். கடைசி வரி எதுவோ, விழுந்த இடம் அதற்கு அடுத்தது. இந்த இணைப்பு பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் வேலை செய்யும். 5 வோல்ட் அடாப்டரை மாட்டினால் பிராசஸரே போய்விடும். முதலில் மீட்டரில் அளக்க வேண்டும். ஃபிளாஷ் சிப்பை புரோகிராமரில் படிக்கும் வசதி உள்ளவர்கள், எதையும் எழுதும் முன் உள்ளிருப்பதை ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி கையெழுத்து இல்லாத கோப்பை ஏற்காத செட்டுகளில் இந்த வழியும் அடைபட்டிருக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

காசு கொடுத்து வாங்கிய சாமானின் எழுத்து, வாங்கியவர் கையில் இல்லை. அதைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றியதில் கோளாறு வந்தால் நம் ஊர் மெக்கானிக்கிடம் அந்தக் கோப்பு இருக்காது, சர்வீஸ் மேனுவலும் இருக்காது. நாற்பது வருஷம் ரேடியோ, டிவி பார்த்த கை, ஒரு கோப்பு இல்லாமல் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. இதை மாற்றத்தான் பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு உலகெங்கும் எழுந்திருக்கிறது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில், கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களை ஒரே இடத்தில் தர ஓர் இணையதளம் தொடங்கியது. புகார் சொல்ல வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. வாரண்டிக் காலத்துக்குள் அப்டேட்டில் நின்ற செட்டுக்கு, மூடியைத் திறக்கும் முன் கம்பெனியில் புகார் எண் வாங்கிவிட வேண்டும் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

நாளை நம்மில் சிலர் சர்வீஸ் சென்டரில் உட்காருவோம், சிலர் இந்த மாதிரி சாமான்களைச் செய்கிற கம்பெனியிலேயே சேருவோம். சேருகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். வெளியிலிருந்து வரும் கோப்பைப் பிரித்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். எது விழுந்தாலும் மீண்டும் எழ, முதல் படியிலேயே ஒரு பின்வாசல் வையுங்கள்.

அதுவரை நம் கல்லூரியிலேயே செய்யக்கூடிய ஒன்றைப் பேரவையின் முன் வைக்கிறேன். லேபில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். யார் எந்த செட்டைப் பார்த்தாலும் மாடல், என்ன தெரிந்தது, எத்தனை வினாடியில் விழுந்தது, எந்தக் கதவு திறந்தது என்று நான்கு வரி எழுதி வைக்கட்டும். சரியாகாத செட்டையும் எழுத வேண்டும், அதுதான் அடுத்தவனுக்கு அதிகம் உதவும். கம்பெனி கொடுக்காத மேனுவலை நாமே பக்கம் பக்கமாக எழுதிக்கொள்வோம். அடுத்த வருஷம் முதலாண்டு வரும் பையனுக்கும் பிள்ளைக்கும் தெருவில் யாராவது "டிப்ளமோ படிக்கியே, பாரேன்" என்று செட்டை நீட்டும்போது, புரட்டிப் பார்க்க ஒரு நோட்டு இருக்கட்டும்.